மய்யித் வீட்டுக்குச் சோறு அனுப்புகிற மஹல்லா, பிள்ளை பெற்ற வீட்டுக்கு என்ன அனுப்புகிறது?

(சேந்தமங்கலம் – ஜும்ஆ பயான்)



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு, மூத்தா போர். நபி (ஸல்) அவர்களுடைய பெரிய தந்தையின் மகன் ஜஅஃபர் (ரழி) அவர்கள் அந்தக் களத்தில் ஷஹீதானார்கள். மதீனாவில் அவர்களுடைய மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரழி) அவர்களுக்கு இன்னும் செய்தி தெரியாது. அன்று காலையில் மாவு பிசைந்து வைத்துவிட்டு, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து உட்கார வைத்திருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்கு வந்து பிள்ளைகளைக் கூப்பிடச் சொன்னார்கள். பிள்ளைகளை அணைத்து முகர்ந்தார்கள். கண்ணில் நீர் வழிந்தது. அஸ்மா (ரழி) அவர்களுக்கு அதைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

பிறகு தம் வீட்டாரிடம், ஜஅஃபருடைய குடும்பத்துக்குச் சாப்பாடு செய்து அனுப்புங்கள், அவர்கள் வேறு எதையும் கவனிக்க முடியாத நிலையில் இருக்கிறார்கள் என்ற கருத்தில் சொன்னார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இந்த ஹதீஸ் இருக்கிறது.

இந்த ஸுன்னத்தை நம் மஹல்லா விட்டதே இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஒரு வீட்டில் மவ்த் என்றால் பள்ளியில் அறிவிப்பு வந்த அரை மணி நேரத்தில் சந்தூக்கு வாசலில் இருக்கும். கஃபன் துணிக்கு ஒருவர் ஓடுவார், கபர் வெட்ட நாலு பேர் கிளம்புவார்கள், எந்த வீட்டில் காலைச் சாப்பாடு, எந்த வீட்டில் மதியம் என்று மூன்று நாளைக்கும் பங்கு போட்டுக்கொள்வார்கள். யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. பேசாத பங்காளிகள்கூட அன்றைக்கு வந்து நிற்பார்கள்.

நான் இன்றைக்குக் கேட்கப்போவது ஒரே கேள்விதான். சாப்பாடு அனுப்பச் சொன்னதற்கு நபி (ஸல்) அவர்கள் என்ன காரணம் சொன்னார்கள்? அந்த வீட்டார் வேறு எதையும் கவனிக்க முடியாமல் இருக்கிறார்கள் என்பதுதான். இந்தக் காரணம் மய்யித் வீட்டில் மட்டுமா இருக்கிறது? பிறந்து பத்து நாளான குழந்தை உள்ள வீட்டில் இல்லையா?

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு சகோதரி தன் அண்ணன் மூலமாக எனக்கு ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். இரண்டாவது பிள்ளை பெற்றவர். கணவர் நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டுகிறார், போனால் இருபது நாள், இருபத்தைந்து நாள். தாயார் மவ்த்தாகிவிட்டார். மாமியாருக்கு முட்டி வலி, எழுந்து நடமாட முடியாது. அவர் சொன்னது இதுதான்: "ஹஜ்ரத், அகீகா அன்னைக்கு இருநூறு பேர் வந்தாங்க. எல்லாரும் பிள்ளையைத் தூக்கிப் பார்த்துட்டு பிரியாணி சாப்பிட்டுட்டுப் போனாங்க. மறுநாள் காலையில பெரியவன் பசிக்குதுன்னு அழறான், சின்னது பாலுக்கு அழுவுது, எனக்கு எழுந்திரிக்க முடியல. ஒரு டம்ளர் சுடுதண்ணி வெச்சுத் தர ஆள் இல்ல."

அந்த இருநூறு பேரில் நானும் ஒருவன், நீங்களும் உண்டு. யாரும் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை, துஆ செய்துவிட்டுத்தான் வந்தோம். இந்த வீட்டுக்கு நாளைக்கு யார் போவது என்று கேட்கிற வழக்கம்தான் நம்மிடம் இல்லை.

சகோதரர்களே, முன்பு இது தேவைப்பட்டிருக்காது. நன்னி இருந்தார், பெரியம்மா இருந்தார், அடுத்த திண்ணையில் ஒரு மாமி இருந்தார். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்ட ஒரு பாட்டி தெருவுக்குத் தெரு இருந்தார். பச்சை உடம்புக்காரிக்கு என்ன குழம்பு, எதைத் தரக்கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். இப்போது அந்த வீடுகள் பிரிந்துவிட்டன. ஒருவர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில், ஒருவர் திருப்பூரில், ஒருவர் சவூதியில். வாடகை வீட்டில் இருபத்து மூன்று வயசுப் பெண், இரண்டு பிள்ளை, ஒரு செல்போன். வீடியோ காலில் எல்லாரும் இருக்கிறார்கள். செல்போனால் பிள்ளையைத் தூக்க முடியுமா?

குர்ஆனில் ஒரு பிரசவம் விரிவாக வருகிறது. மர்யம் சூரா, 23 முதல் 26 வரையுள்ள வசனங்களை வீட்டுக்குப் போய் தர்ஜமாவோடு ஓதிப் பாருங்கள். மர்யம் (அலை) அவர்களுக்குப் பேறுகால வலி வந்து ஒரு பேரீச்ச மரத்தடிக்குப் போகிறார்கள். இதற்கு முன்பே நான் இறந்திருக்கக் கூடாதா என்று வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு வேதனை. அவ்வளவு பெரிய அந்தஸ்துள்ள பெண் அப்படிச் சொன்னார்கள் என்பதை அல்லாஹ் மறைக்காமல் நமக்குச் சொல்லிக் காட்டுகிறான். அதைக் குற்றமாகவும் சொல்லவில்லை. உடனே அவர்களுக்கு என்ன கிடைத்தது? முதலில் கவலைப்படாதே என்ற ஆறுதல். பிறகு காலடியில் தண்ணீர். கைக்கெட்டும் பழுத்த பேரீச்சம்பழம். சாப்பிடு, குடி, கண் குளிர்ந்திரு என்ற கட்டளை. கடைசியாக ஒன்று: யாராவது வந்து ஏதாவது கேட்டால், இன்றைக்கு நான் பேசுவதில்லை என்று நேர்ந்திருக்கிறேன் எனச் சைகையால் சொல்லிவிடு.

ஆறுதல், தண்ணீர், சாப்பாடு, கேள்விகளிலிருந்து விடுதலை. இந்த நான்காவது விஷயத்தை நம் வீட்டுப் பெண்கள் கவனிக்க வேண்டும். பிள்ளை பார்க்கப் போகிறோம், போனதும் ஆரம்பிக்கிறோம். ஏன் ஆபரேஷன்? ஏன் பால் இல்லை? ஏன் பிள்ளை கறுப்பு? மறுபடியும் பெண்ணா? அல்லாஹ் மர்யமுக்கு அந்தக் கேள்விகளிலிருந்து பாதுகாப்புக் கொடுத்தான். நாமோ அந்தக் கேள்விகளைத்தான் ஒரு டஜன் ஆரஞ்சோடு கொண்டு போகிறோம்.

நாற்பது நாள் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிஃபாஸுக்கு ஹனஃபி மத்ஹபில் அதிகபட்சம் நாற்பது நாள், ஷாஃபி மத்ஹபில் அறுபது. குறைந்தபட்சம் என்று ஒன்று கிடையாது. உதிரம் நின்றுவிட்டால் குளித்துத் தொழ வேண்டியதுதான். ஆனால் சில வீடுகளில் அந்த நாற்பது நாளும் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய், மூலையில் ஓர் அறை என்று வைக்கிறார்கள். இது எங்கிருந்து வந்தது? ஆயிஷா (ரழி) அவர்கள் மாதவிடாயில் இருக்கும்போதே நபி (ஸல்) அவர்களுடைய தலையை வாரிவிட்டிருக்கிறார்கள், அவர்கள் குடித்த பாத்திரத்தில் அதே இடத்தில் வாய் வைத்து நபியவர்கள் குடித்திருக்கிறார்கள். தொழுகைக்குத்தான் அவளுக்கு விலக்கு. மனிதர்களை விட்டு அவளை ஒதுக்க மார்க்கம் சொல்லவில்லை. தீட்டு என்ற சொல் நம் ஃபிக்ஹு கிதாபுகளில் இல்லை.

அடுத்து உமர் (ரழி) அவர்கள். இந்தச் சம்பவத்தைப் பல தடவை கேட்டிருப்பீர்கள், ஆனால் அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மதீனாவுக்கு வெளியே வியாபாரிகள் கூட்டம் ஒன்று வந்து தங்கியிருக்கிறது. அவர்களுக்குக் காவலாக அமீருல் முஃமினீன் அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களும் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். ஒரு குழந்தை அழுகிறது. உமர் (ரழி) போய்த் தாயிடம், பிள்ளையைக் கவனியம்மா என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். மறுபடியும் அழுகை. மறுபடியும் போகிறார்கள். இரவின் கடைசியில் மூன்றாவது தடவை அழுகை கேட்டதும் கோபம் வந்துவிட்டது. நீ என்ன தாய் என்று கடிந்துகொண்டார்கள். எதிரில் நிற்பவர் யாரென்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவர் சொன்னார்: பால் குடிப்பதை நிறுத்தப் பார்க்கிறேன், இவன் அடம் பிடிக்கிறான். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டால், பால் மறந்த பிள்ளைக்குத்தானே உமர் உதவித்தொகை கொடுக்கிறார் என்று பதில் வந்தது.

அன்றைய ஃபஜ்ரில் உமர் (ரழி) அழுத அழுகையில் பின்னால் நின்றவர்களுக்குக் கிராஅத்தே விளங்கவில்லை. தொழுது முடித்ததும் அறிவிக்கச் சொன்னார்கள்: பிள்ளைகளை அவசரப்பட்டுப் பால் மறக்கச் செய்யாதீர்கள், இனி இஸ்லாத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த அன்றிலிருந்தே பைத்துல் மாலில் பங்கு உண்டு. இந்த உத்தரவு எல்லா ஊர்களுக்கும் எழுதி அனுப்பப்பட்டது. இப்னு ஸஅத் தம் தபகாத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

நுணுக்கம் என்று சொன்னேனே, அது இதுதான். முதலில் உமர் (ரழி) அந்தத் தாய்க்கு உபதேசம் செய்தார்கள், பிறகு கண்டித்தார்கள். இரண்டும் அந்தக் குழந்தைக்கு ஒரு வாய் பால்கூடக் கொடுக்கவில்லை. காரணத்தைக் கேட்டார்கள், அப்போதுதான் தவறு தாயிடம் இல்லை, சட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்தது, சட்டத்தை மாற்றினார்கள். நம் மிம்பர்களில் தாய்மார்களுக்கு உபதேசம் நிறைய நடக்கிறது. செல்போன் பார்க்கிறாள், பிள்ளையை அடிக்கிறாள், ஒழுங்காக வளர்ப்பதில்லை. ஏனம்மா என்று யாராவது கேட்டார்களா?

குழந்தை விஷயத்தில் ஒரு சமுதாயம் தாயைத் தனியே விட்டால் என்ன ஆகும் என்று படிக்க நாம் அரபு நாட்டு ஜாஹிலிய்யத்துக்குப் போக வேண்டாம். 1992-இல் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிய மாவட்டம் எது? சேலம் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1-ஆம் தேதிதான். ஆக அந்தத் தொட்டில் கட்டப்பட்டது நம்முடைய மாவட்டத்தில். பெண் குழந்தையைக் கொல்லாதே, வேண்டாமென்றால் இங்கே போட்டுவிட்டுப் போ என்று ஓர் அரசாங்கம் தொட்டில் வைக்க வேண்டிய நிலை. 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில், ஓய்வு பெற்ற ஒரு செவிலி உதவியாளர் குழந்தைகளுக்கு விலை பேசிய ஆடியோ வெளிவந்து நாடே அதிர்ந்தது. கொல்லிமலை உள்ளிட்ட பகுதிகளின் ஏழைத் தாய்மாரிடமிருந்து குழந்தைகளை வாங்கி விற்றதாகக் குற்றச்சாட்டு, வழக்கு சிபிசிஐடி கைக்குப் போனது. நம் பள்ளி வாசலில் நின்று பார்த்தால் தெரிகிற மலை அது.

வறுமைக்குப் பயந்து பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்று அல்லாஹ் இரண்டு இடங்களில் தடுக்கிறான், 6:151-இலும் 17:31-இலும். முதல் இடத்தில், உங்களுக்கும் அவர்களுக்கும் நாமே உணவளிக்கிறோம் என்ற வரிசை. இரண்டாவது இடத்தில் அவர்களுக்கும் உங்களுக்கும் என்று வரிசை மாறுகிறது. ஏற்கெனவே வறுமையில் இருப்பவனுக்கு அவனை முன்னால் வைத்தும், இனி வறுமை வந்துவிடுமோ என்று அஞ்சுகிறவனுக்குப் பிள்ளையை முன்னால் வைத்தும் ஆறுதல் சொல்லப்படுகிறது என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குவார்கள். சரி, அல்லாஹ் அந்த ரிஜ்கை எப்படி அனுப்புகிறான்? வானத்திலிருந்து தட்டு இறங்குவதில்லை. பக்கத்து வீட்டுக் கையால்தான் பெரும்பாலும் அனுப்புகிறான். அந்தக் கை மடங்கிக்கொண்டால்?

இங்கே பக்கத்து வீடு என்பதில் கலிமா சொன்ன வீடு, சொல்லாத வீடு என்ற பேதம் இல்லை. ரமளானில் நோன்புக் கஞ்சிக்கு வரிசையில் தூக்குப் போசியோடு நிற்கிற மாற்று மதத்துப் பிள்ளைகளுக்கு நாம் ஊற்றாமல் இருந்திருக்கிறோமா?

இனி காரியத்துக்கு வருகிறேன். முத்தவல்லி அவர்களிடமும் ஜமாஅத் நிர்வாகிகளிடமும் பேசிவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

மஹல்லாவில் எந்த வீட்டில் பிரசவம் நடந்தாலும், அந்தத் தாய் வீடு திரும்பிய நாளிலிருந்து நாற்பது நாள் மதியச் சாப்பாடு பக்கத்து வீடுகளிலிருந்து போக வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு நாள்தான் முறை வரும். தனியாகச் சமைக்க வேண்டியதில்லை, நம் வீட்டில் ஆக்குவதில் ஒரு பங்கு. குழம்பில் தண்ணீரைக் கூட்டிப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுங்கள் என்ற கருத்தில் அபூதர் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னார்களே, அவ்வளவுதான். ஒரு மஹல்லாவில் மாதத்துக்கு எத்தனை பிரசவம் நடந்துவிடப் போகிறது? கொண்டு போகிறவர் உட்கார்ந்து கதை பேச வேண்டாம். பாத்திரத்தை வைத்துவிட்டு, பெரிய பிள்ளையை ஒரு மணி நேரம் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தால், அந்தத் தாய் தூங்குவார். அந்த ஒரு மணி நேரத் தூக்கம் உங்கள் ஆரஞ்சுப் பழத்தைவிடப் பெரிய ஸதகா.

ஜகாத் பணத்தை இதற்கு எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். ஜகாத்தில் தம்லீக் வேண்டும், அதாவது தகுதியுள்ளவர் கையில் கொடுத்து அவருக்கு உரிமையாக்க வேண்டும். ஏழைத் தாயாக இருந்தால் அவர் கையிலேயே ஜகாத்தாகக் கொடுங்கள், தாராளமாகக் கூடும். இந்தச் சாப்பாட்டு முறை பணக்கார வீட்டுக்கும் ஏழை வீட்டுக்கும் பொதுவாகப் போவது, அதனால் அதை ஸதகாவிலும் அன்பளிப்பிலும் வைத்துக்கொள்வோம். பணக்கார வீட்டுக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். மய்யித் வீட்டில் நாம் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை.

அரசாங்கம் தருவதை வாங்கிக் கொடுப்பதும் ஓர் உதவிதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தகுதியுள்ள ஏழைத் தாய்க்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு 18,000 ரூபாய் வரை கிடைக்கிறது. அதில் 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். ஆனால் கர்ப்பமான ஆரம்பத்திலேயே கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் வாங்கியிருக்க வேண்டும். மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது, கண் படும் என்று நம் பெண்கள் மறைக்கிறார்கள். கண்ணேறு உண்மைதான், ஹதீஸில் இருக்கிறது. அதற்காக நர்ஸம்மாவிடமும் மறைக்க வேண்டுமா? அங்கன்வாடி 1975-இலிருந்து இந்த நாட்டில் இருக்கிறது. சத்துமாவும் முட்டையும் அங்கே நம் பிள்ளைக்கும் உரியவை. முட்டை போகிறதே நம் மாவட்டத்துப் பண்ணைகளிலிருந்துதான். வாங்கக் கூச்சப்பட என்ன இருக்கிறது? படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு மக்தப் மதரஸாவில் அஸருக்குப் பிறகு நம் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு முக்கியமான விஷயம், தயவுசெய்து காது கொடுத்துக் கேளுங்கள். பிள்ளை பெற்ற பெண் காரணமில்லாமல் அழுகிறாள், பிள்ளையைத் தூக்க மாட்டேன் என்கிறாள், தூக்கமே இல்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்கிறாள். இப்படி வந்தால் வீட்டில் முதலில் சொல்வது காத்துக் கருப்பு, ஜின். என்னிடம் ஓதிப் பார்க்கக் கூட்டி வருகிறார்கள். நான் ஓதுகிறேன், தண்ணீரும் ஓதித் தருகிறேன், அல்லாஹ்வுடைய கலாமில் ஷிஃபா இருக்கிறது. ஆனால் அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடமும் காட்டுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு வைத்தியம் இருக்கிறது. 104-க்குப் போன் செய்தாலே ஆலோசனை கிடைக்கும். செத்துப்போகலாம் என்று சொல்கிற பெண்ணையும் கைக்குழந்தையையும் ஒரு ராத்திரிகூடத் தனியாக விடாதீர்கள். நாற்பதாயிரம் வாங்கிக்கொண்டு தகடு கட்டுகிறவனிடம் கூட்டிப் போகாதீர்கள். ஒரு வாரம் தாமதித்தால் இரண்டு உயிர் போகலாம்.

ஆண்களுக்கு ஒன்று. வீட்டில் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டது. குடும்பத்தாருடைய வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் கிளம்பிவிடுவார்கள் என்றார்கள். புகாரியில் இருக்கிறது. லோடு இறக்கிவிட்டு வந்த களைப்பு எனக்குத் தெரியும், என் மஹல்லாவில் பாதிப் பேர் ஸ்டீயரிங் பிடிப்பவர்கள். வந்த முதல் நாள் தூங்குங்கள். இரண்டாம் நாள் பிள்ளையின் துணியை நீங்கள் அலசிப் போட்டால் உங்கள் மீசை உதிர்ந்துவிடாது.

பள்ளிவாசல் பற்றியும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நபி (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்ட நினைத்து நின்று, ஒரு குழந்தையின் அழுகையைக் கேட்டு, தாய்க்குச் சிரமம் என்று சுருக்கிவிட்டிருக்கிறார்கள். தம் பேத்தி உமாமாவைத் தூக்கிக்கொண்டே தொழ வைத்திருக்கிறார்கள். ஸஜ்தாவில் இறக்கி வைப்பார்கள், எழும்போது தூக்கிக்கொள்வார்கள். இங்கே ஒரு பிள்ளை ஸஃபுக்கு நடுவில் ஓடினால் மூன்று பேர் சலாம் கொடுத்த கையோடு அதட்டுகிறார்கள். வீட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் மனைவிக்குச் சற்று ஓய்வு கொடுக்கலாம் என்று மூத்தவனைப் பள்ளிக்குக் கூட்டி வந்த தகப்பன், அடுத்த வாரம் கூட்டி வருவாரா? இன்றிலிருந்து அப்படி அதட்ட வேண்டாம். சத்தம் அதிகமானால் நான் கிராஅத்தைச் சுருக்கிக்கொள்கிறேன்.

முதலில் சொன்ன ஜஅஃபர் (ரழி) அவர்களுடைய வீட்டில் என்ன நடந்தது என்பதை முடிக்காமல் விட்டுவிட்டேன். மூன்று நாள் கழித்து நபி (ஸல்) அவர்கள் மறுபடியும் அங்கே போனார்கள். பிள்ளைகளை அழைத்து வரச் சொன்னார்கள். நாங்கள் அப்போது சின்னக் குஞ்சுகள் போல இருந்தோம் என்று மகன் அப்துல்லாஹ் (ரழி) பிற்காலத்தில் நினைவுகூர்கிறார்கள். குஞ்சு என்றால் என்னவென்று நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். பண்ணையில் குஞ்சு இறக்கிய முதல் வாரம் அண்ணன் தம்பி யாரும் தூங்க மாட்டார்கள். பல்பு சூடு குறைந்ததா, ஓர் ஓரத்தில் போய் ஒண்டுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா என்று ராத்திரியில் நாலு தடவை எழுந்து பார்ப்பார்கள். அந்தக் குஞ்சுகளைப் பார்த்த நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? நாவிதரை வரவழைத்து அந்தப் பிள்ளைகளுக்குத் தலைமுடி இறக்கச் செய்தார்கள். பிள்ளைகள் அநாதையாகிவிட்டார்களே என்று தாய் அஞ்சியபோது, இம்மையிலும் மறுமையிலும் இவர்களுக்கு நானே பொறுப்பாளன் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

சாப்பாடு முறைக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் தொழுகை முடிந்ததும் ஹவுளுக்குப் பக்கத்தில் மோதினாரிடம் கொடுங்கள். வீட்டுப் பெண்களிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள், ஆக்கப் போவது அவர்கள். இப்போதைக்கு நம் மஹல்லாவில் பிள்ளை பிறந்த வீடுகள் இரண்டு. ஒன்றில் சனிக்கிழமை முதல் ஆரம்பம், மற்றொன்றில் தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள்.

யா அல்லாஹ்! எங்கள் மஹல்லாவில் கர்ப்பமாக இருக்கும் தாய்மார்களுக்கு லேசான பிரசவத்தைக் கொடுப்பாயாக. பால் கொடுக்கும் தாய்மார்களின் உடலுக்கும் மனதுக்கும் பலத்தைக் கொடுப்பாயாக. சாலையில் இருக்கும் தகப்பன்மார்களைப் பத்திரமாக வீடு சேர்ப்பாயாக. பிள்ளை இல்லாத வீடுகளுக்கு ஸாலிஹான பிள்ளைகளைத் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.